நிலையத்தின் ஒரேயொரு நலவாளி

கொழும்பு வெள்ளவத்தையில் வருத்தம் இல்லாத மனிதனுக்கு மரியாதை கிடையாது. பின்னேரங்களில் கடற்கரை வீதியில் காற்று வாங்க வரும் இளைப்பாறிய கனவான்கள் ஒருவரையொருவர் கண்டதும் சுகம் விசாரிப்பதில்லை. "இப்ப எவ்வளவில நிக்குது?" என்றுதான் கேட்பார்கள். கேட்டது சீனியையா, பிறஷரையா, கொலஸ்ட்ரோலையா என்பது இரண்டு பேருக்கும் விளங்கும். இலக்கம் பெரிதாக இருந்தால் சொல்பவரின் குரலில் ஒரு கம்பீரம் வரும். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய சிவபாதசுந்தரத்திடம் சொல்வதற்கு ஓர் இலக்கமும் இல்லை. ஒருநாள் துணிந்து, "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லிப் பார்த்தார். "சோதிச்சுப் பாக்கேல்லப் போல" என்று அனுதாபப்பட்டுவிட்டு அவர்கள் தங்கள் கதைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்த வீட்டுக்குரிய வருத்தம் முழுவதையும் அவருடைய மனைவி நேசமலரே வைத்திருந்தார். கணித ஆசிரியையாக இருந்தவர். சில வருடங்களாக மூட்டுவாதம். காலையில் எழும்பும்போது விரல்கள் வாழைப்பொத்தி மாதிரி மூடிக்கிடக்கும். சுடுதண்ணிக்குள் வைத்து ஒவ்வொன்றாக விரிக்கவேண்டும். தேங்காய்ப்பால் பிழிவது, சட்டைக்கு ஊக்குப் பூட்டுவது, தலை இழுத்துப் பின்னுவது எல்லாம் சிவபாதசுந்தரத்தின் வேலைகளாகிவிட்டன. அவர் பின்னும் பின்னல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். நேசமலர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ணாடி பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

இப்படியிருக்கையில்தான் கொட்டாஞ்சேனையில் 'தன்னெதிர்ப்பு மற்றும் ஏனைய சிக்கல் நோய்களின் மரபணு ஆய்வு நிலையம்' திறக்கப்பட்டது. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாத சனங்கள் அதைச் 'சிக்கல் நிலையம்' என்றார்கள். ஆய்வுக்கு இரத்தம் கொடுப்பவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் விசேட வைத்தியர் இலவசமாகப் பார்ப்பார் என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அடுத்த நாளே இருவரும் காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ்ஸில் நின்றபடி போய்ச் சேர்ந்தார்கள். மனைவியின் மருந்துப்பை சிவபாதசுந்தரத்தின் தோளில் தொங்கியது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "நோயாளியா, நலவாளியா?"

"விளங்கேல்லப் பிள்ளை."

"வருத்தம் உள்ளவை நோயாளி. இல்லாதவை நலவாளி. சொல்லாக்கக் குழு ஆறு மாசம் இருந்து கண்டுபிடிச்ச சொல்."

நேசமலர் தன் இரண்டு கைகளையும் கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குள்ளால் நீட்டினார். அந்தப் பெண் அவற்றைத் தன் பேனாவுக்கு இடைஞ்சலான இரண்டு பொருட்களைப் போல மெல்ல விலக்கிவிட்டாள். "நோயாளிகள் நிறைஞ்சிட்டினம் அம்மா. அடுத்த வருசம் வந்து பாருங்கோ." பிறகு கடமைக்காக, "பின்னால நிக்கிற ஐயாவுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்டுமில்லை" என்றார் சிவபாதசுந்தரம், வழக்கமான வெட்கத்துடன்.

பேனா நின்றது. "ஒண்டுமே?"

"ஒண்டுமே."

அவள் மேசைக்குக் கீழே கையைக் கொண்டுபோய் எதையோ அமத்தினாள். கட்டடத்தின் உள்ளே எங்கோ மணி அடித்தது. வெள்ளை அங்கி போட்ட நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் கதிரை கொண்டுவந்தார். ஒருவர் வெளிக்கதவைப் பூட்டினார்.

பணிப்பாளர் பேராசிரியர் இரத்தினசிங்கம் தன் அறையில் எழுந்து நின்றே வரவேற்றார். அமைச்சர்களுக்குக்கூட அரைவாசிதான் எழும்புகிறவர் என்று பின்னர் தெரியவந்தது.

"நிலையம் திறந்த நாளிலயிருந்து உங்களைத்தான் தேடினாங்கள்" என்றார். "ஒரு நோயை எந்தெந்த மரபணு கொண்டுவருகுது எண்டு பாக்கிறதுக்கு, வருத்தக்காரரையும் சுகதேகிகளையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒப்பிட வேணும். எங்களிட்ட வருத்தக்காரர் மட்டும்தான் இருந்தினம். அவையை அவையோடயே ஒப்பிட்டுப் பாத்தம். எல்லாரும் ஒரே மாதிரித்தான் வந்தது."

"சுகமான ஒருத்தரும் வரேல்லையோ?"

"சுகமாயிருக்கிறவன் ஏன் இஞ்ச வாறான்? வந்த ரெண்டொருத்தரும் வரிசையில நிண்ட களைப்பில பிறஷர் ஏறித் தகுதி இழந்திட்டினம்."

கணித ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. "ஒராளை வைச்சு என்னத்தைச் சேர் ஒப்பிடுவியள்? வெளிநாட்டில ஆயிரக்கணக்கில எல்லோ எடுக்கிறவை?"

"அவைக்கு எண்ணிக்கை" என்றார் பேராசிரியர். "எங்களுக்குத் தரம்."

உடன்பாடு அங்கேயே முடிந்தது. சிவபாதசுந்தரம் நலவாளியாக இருக்கும்வரை நேசமலரை நிலையத்தின் விசேட வைத்தியர் பார்ப்பார். 'இருக்கும்வரை' என்ற சொல்லைப் பேராசிரியர் சற்று அழுத்தித்தான் சொன்னார். ஆனால் பிறந்ததிலிருந்து சுகமாகவே இருந்து பழகிய மனிதருக்கு அதில் பயப்பட எதுவும் தெரியவில்லை.

குடும்ப வரலாறு எடுத்தார்கள். தகப்பனார் எதனால் காலமானார் என்று கேட்டார்கள். கிணற்றுக்குள் விழுந்து என்றார். பாட்டனார்? பனையால் விழுந்து. பெரியப்பா? மாட்டுவண்டியால். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் ஆலோசித்த பிறகு, 'குடும்பத்தில் தந்தைவழியாக விழும் போக்கு காணப்படுகிறது' என்று பதிந்துகொண்டார்கள். எழும்பிப் போகும்போது வாசற்படியில் அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் நிலையத்தின் முகப்பில் சிவபாதசுந்தரத்தின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. கீழே 'எங்கள் நலவாளி'. பொன்னாடை போர்த்தினார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். "இந்த நாட்டில் நோயாளியாக யாரும் வரலாம், அதற்கு ஒரு தகுதியும் வேண்டியதில்லை" என்று பணிப்பாளர் உரையாற்றியபோது, நிழலில்லாத முற்றத்தில் வரிசையில் நின்ற நோயாளிகளும் கைதட்டினார்கள். அறுபத்து மூன்று வயதில் முதன்முறையாகத் தன் உடம்பைப் பற்றி நாலு பேர் கதைப்பதைக் கேட்ட சிவபாதசுந்தரத்துக்குக் கண் கலங்கியது. உடனே ஒருவர் வந்து அந்தக் கண்ணீரைச் சின்னக் குப்பியில் சேகரித்துக்கொண்டு போனார்.

அவருடைய சுகத்தைக் காவல் காப்பதற்கு ஓர் இணைப்பாளரும் நியமிக்கப்பட்டார். பெயர் ரெனால்ட். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த, நல்ல வயிறும் நல்ல மனதும் உள்ள மனிதர். தினமும் காலை வெள்ளவத்தைக்கு வந்து, நலவாளி சாப்பிடக் கூடாதவற்றை எல்லாம் மேசையிலிருந்து அகற்றுவார். அகற்றியதை வீணாக்காமல் தானே சாப்பிடுவார். பஸ்ஸில் போகக்கூடாது, மழையில் நனையக்கூடாது, செய்தி பார்க்கக்கூடாது என்று வரிசையாக உத்தரவுகள் வந்தன. கடைசியாக வந்த உத்தரவைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"சேர், நலவாளி நோயாளியிட்ட இருந்து ஆறு அடி தள்ளி இருக்கணுமாம்."

"எந்த நோயாளி?"

ரெனால்ட் குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அவவின்ர வருத்தம் தொத்தாதடா தம்பி!"

"தொத்தாதுன்னு எனக்குத் தெரியும் சேர். உங்களுக்கும் தெரியும். சுற்றறிக்கைக்குத் தெரியாதே."

"அப்ப ஆர் அவவுக்குத் தலை பின்னுறது?"

ரெனால்ட் யோசித்தார். "நான் சுவர்ப்பக்கம் திரும்பி நிக்கிறேன். நீங்க பின்னுங்க. ஷேப்பா சமாளிச்சிடலாம் சேர், ஒண்டும் நடக்காது."

இவ்வளவையும் சிவபாதசுந்தரம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. நிலையத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும் டொக்டர் பஹ்மியா, பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்பவர், நேசமலரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் நோயாளியைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

"ஒடம்பக் காவல் காக்க ஒரு படை ஈக்கி அம்மா" என்று விளங்கப்படுத்தினார். "வெளியால இருந்து வார கிருமியோட சண்டை பிடிக்கத்தான் அது. இந்த வருத்தத்தில என்ன நடக்குதுன்னா, அந்தப் படைக்கு ஆள் மாறிப்போகுது. சொந்த ஆக்களையே எதிரின்னு நெனச்சு அடிக்குது."

"ஓம் டொக்டர்" என்றார் நேசமலர். "அது எங்களுக்குப் பழகின விசயம்."

டொக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மருந்தை மாற்றி, ஊசியும் போடத் தொடங்கினார். சில வாரங்களில் வீக்கம் வற்றத் தொடங்கியது. ஒருநாள் காலையில் நேசமலர் தானே தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தார். சிவபாதசுந்தரம் மூன்று தரம் சொதி விட்டுச் சாப்பிட்டார். ரெனால்டுக்கு அன்று அகற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சனி பிடித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் பசி. சிவபாதசுந்தரம் ஒருபோதும் இல்லாத மாதிரிச் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட மெலிந்தார். "நலவாளி எடை குறைத்து முன்மாதிரி காட்டுகிறார்" என்று நிலையத்தின் செய்திமடல் எழுதியது. பிறகு வேர்வை. மின்விசிறிக்குக் கீழே இருந்தும் சட்டை நனைந்தது. பிறகு நெஞ்சுக்குள் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவது போன்ற அடிப்பு. கடைசியாகக் கண்கள். அவை மெல்ல மெல்ல முன்னால் வந்தன. எதைப் பார்த்தாலும் திடுக்கிட்டுப் பார்ப்பது போல இருந்தது. புதுப் பதாகைக்குப் படம் எடுக்க வந்தவர் மகிழ்ந்துபோனார். "பார்வை நல்லா எடுப்பா வந்திருக்கு ஐயா!" அந்தப் படத்தின் கீழே 'சிக்கல் நோய்கள் பற்றி விழிப்புணர்வோடு இருப்போம்' என்று அச்சிட்டு நகரம் முழுக்க ஒட்டினார்கள். ஜிந்துப்பிட்டியில் ஒரு சுவரில் இருந்து அது இறங்கிவரப் பார்ப்பதாகச் சொல்லிக் குழந்தைகள் அந்தப் பக்கம் போக மறுத்தார்களாம்.

சிவபாதசுந்தரம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நலவாளிக்கு வருத்தம் என்றால் அடுத்த நாளே நேசமலரின் வைத்தியம் நின்றுவிடும். அந்த விரல்கள் மறுபடி மூடிக்கொள்ளும். ஆகவே நடுங்கும் கைகளைச் சாறத்துக்குள் ஒளித்துக்கொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வெக்கை" என்றார். மார்கழி மாதத்து மழைக்குள்ளும் "வெக்கை" என்றார்.

ஒருநாள் பின்னேரம் நேசமலர் தேத்தண்ணி கொடுத்தார். கோப்பை சாசரில் கடகடவென்று அடித்தது. இத்தனை வருடமும் கோப்பை பிடிக்க முடியாமல் இருந்தவர் நேசமலர். அவர் இப்போது ஆடாமல் அசையாமல் தன் கோப்பையைப் பிடித்தபடி புருசனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா?"

"இஞ்சேருங்கோ, பிள்ளையள் பரீட்சையில கொப்பியடிக்கிறதை முப்பது வருசமாப் பிடிச்சனான். எனக்கு ஒளிக்காதேங்கோ."

அவர் சொன்னார். காரணத்தையும் சொன்னார். நேசமலர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எனக்காண்டி நீங்கள் செத்துப்போனா ஆரப்பா எனக்கு ஊக்குப் பூட்டுறது?" என்று கோபமாகக் கேட்டார். அடுத்த நாள் காலை ஆறு அடித் தூரத்தையும் பாராமல் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். "அம்மா, உங்கட கவலை விளங்குது. ஆனா நலவாளிக்கு வருத்தம் வர ஏலாது."

"வந்திட்டுதே சேர்."

"வரைவிலக்கணத்தில இடமில்லை. நலவாளி எண்டால் வருத்தமில்லாதவர். இவர் நலவாளி. ஆகவே இவருக்கு வருத்தமில்லை. நீங்கள் கணக்கு ரீச்சர்தானே?"

ஆனாலும் நிலையம் மனிதாபிமானமற்றது அல்ல. உடனடியாக 'நலவாளி நிலை மீளாய்வுக் குழு' கூட்டப்பட்டது. சிவபாதசுந்தரமும் நேசமலரும் மேசையின் ஓரத்தில் இருத்தப்பட்டார்கள். சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் ஆராய்வது முறையில்லை என்பதால், அவர்கள் வரவில்லை என்று கூட்டக்குறிப்பில் முதலிலேயே எழுதப்பட்டது. அதன் பிறகு அவர்கள் சொன்ன எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

தாதி ஒருவர் நாடி பிடித்துவிட்டு நூற்று இருபதுக்கு மேல் போகிறது என்றார். "அது உற்சாகம்" என்றார் நிர்வாக அதிகாரி. "பொன்னாடை போர்த்தின நேரத்திலயிருந்து அவர் அப்பிடித்தான்." புள்ளிவிபரவியலாளர் தன் கணினியைப் பார்த்தபடி, நாடித்துடிப்பு மற்றத் தரவுகளோடு ஒத்துப்போகவில்லை என்றார். அதை மட்டும் நீக்கிவிட்டால் மனிதர் பூரண சுகம்.

"துடிப்பை நீக்கினால் ஆள் இருக்குமோ?" என்று வராத நேசமலர் கேட்டார்.

டொக்டர் பஹ்மியா அதுவரை சிவபாதசுந்தரத்தின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேர், இது தைரொயிட். அம்மாவுக்கு மூட்டில நடந்தது இவருக்குக் கழுத்துச் சுரப்பியில நடக்குது. நாம ஆராய்ற வருத்தம்தான். ஒரு இரத்தப் பரிசோதனை செஞ்சா முடிஞ்சி. இதுக்குக் கொமிட்டி எதுக்கு?"

"இரத்தம் எடுக்க ஏலாது" என்றார் நிர்வாக அதிகாரி. "அவரின்ர இரத்தம் ஆய்வு இரத்தம். வைத்திய இரத்தம் இல்லை. தலைப்பு வேற."

"அந்த ஒடம்புக்குள்ள ஓடுற இரத்தம் யாருட?"

இதற்கு எழுத்து மூலம் பதில் அனுப்பப்படும் என்று சொன்னார்கள். பிறகு கைகளை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சிவபாதசுந்தரத்துக்கு ஒன்றும் இல்லை என்று தீர்மானமாகியது. "வாற மாதம் வெளிநாட்டுக் குழு வருகுது" என்று பேராசிரியர் அவருடைய தோளில் தட்டினார். "அது மட்டும் சமாளியுங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் என்ன வருத்தமும் பாக்கலாம்."

வெளியே வந்ததும் டொக்டர் பஹ்மியா அவர்களை மறித்து, "என்ட வார்டுக்கு வாங்க, நான் பாக்கிறேன்" என்று இரகசியமாகச் சொன்னார். போயிருக்கலாம். ஆனால் சிவபாதசுந்தரம் மாட்டேன் என்றுவிட்டார். "அந்தக் குழு வந்து போகட்டும். இவவுக்கு இன்னும் மூண்டு ஊசி மிச்சம் இருக்கு" என்றார். அந்த ஊசி வெளியே கிடைக்காது. கிடைத்தாலும் வாங்க முடியாது. மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

வெளிநாட்டுக் குழு வந்த நாளில் நிலையத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். நோயாளிகளின் வரிசையைப் பின்பக்க ஒழுங்கைக்கு மாற்றியிருந்தார்கள். மேடையில் பணிப்பாளர், நரைத்த தலையும் தட்டைச் சப்பாத்துமாக ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை, நடுவில் பொன்னாடையுடன் சிவபாதசுந்தரம். அவருக்குப் பின்னால் ஆளுயரத்தில் அவரே, விழிப்புணர்வுடன். மேடைக்கு ஏறும் படியில் ரெனால்ட் இரண்டு பக்கமும் கை விரித்து நின்றார், குடும்ப வரலாற்றை மனதில் வைத்து.

இரத்தினசிங்கம் ஆங்கிலத்தில் ஆற்றிய உரை நெடுநாள் பேசப்பட்டது.

"ஒரு காலத்தில் ஒரு நோய்க்கு ஒரு மரபணு என்று நம்பினோம். இப்போது தெரிகிறது, சிக்கல் நோய்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சம்பந்தப்படுகின்றன. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறியது. எந்த ஒன்றையும் பிடித்து, நீதான் செய்தாய் என்று சொல்ல முடியாது. சூழலையும் கொஞ்சம் குறை சொல்லலாம். எங்கள் நிலையமும் இதே உன்னதமான ஒழுங்கில்தான் இயங்குகிறது. இங்கே நடக்கும் எதற்கும் எவர் ஒருவரும் முழுப் பொறுப்பில்லை. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சிறு பங்கைச் செலுத்துகிறோம். விளைவு தானாக வருகிறது."

கைதட்டல் ஓய்ந்ததும் வெள்ளைக்காரப் பேராசிரியை சிவபாதசுந்தரத்தின் பக்கம் திரும்பி, எப்படி இருக்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டார்.

துறைமுகத்தில் கப்பல்காரரோடு ஆங்கிலம் கதைத்துப் பழகியவர் சிவபாதசுந்தரம். நெஞ்சு அடித்த அடியில் மேசையில் இருந்த தண்ணிக் கிளாஸ் அசைவது போல் அவருக்குத் தோன்றியது. மூன்று ஊசியில் ஒன்றுதான் போட்டிருந்தது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் கேட்கவில்லை. "எனக்குச் சுகமில்லை அம்மா" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.

இரத்தினசிங்கம் அதை உடனே ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார். "இவர் சொல்வது, தான் மிக நன்றாக இருக்கிறார் என்பதாகும். எங்கள் பண்பாட்டில் யாரும் அதை நேராகச் சொல்வதில்லை. கண்பட்டுவிடும்."

"என் நெஞ்சு கடுமையாக அடிக்கிறது."

"உங்களைச் சந்தித்ததில் அவ்வளவு மகிழ்ச்சி என்கிறார்."

"விழுந்துவிடுவேன் போல் இருக்கிறது."

"அது குடும்ப வழக்கம்" என்றார் பேராசிரியர்.

மூன்றாவது வரிசையில் கதிரை ஒன்று பின்னால் சறுக்கும் சத்தம் கேட்டது. நேசமலர் எழும்பி நடந்தார். படியில் ரெனால்ட் நின்றார். அவரைத் தடுப்பதற்குத்தான் ரெனால்டுக்குச் சம்பளம். ஆனால் அவர் அந்தக் கணத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நேசமலர் மேடையில் ஏறி, புருசனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, வெள்ளைக்காரப் பேராசிரியையின் கைக்குள் வைத்து, அந்த அம்மாளின் விரல்களைத் தன் விரல்களால் மடித்து நாடியில் அழுத்திவிட்டார்.

அந்த அம்மாள் நெடுங்காலமாகக் கணினியைத் தவிர வேறெதையும் தொட்டிருக்கமாட்டார். ஆனாலும் ஒரு காலத்தில் வைத்தியராக இருந்தவர். மற்றக் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். இரத்தினசிங்கத்திடம் மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. பேராசிரியை நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தார், பின்னால் இருந்த படத்தைப் பார்த்தார், திரும்பவும் கண்களைப் பார்த்தார்.

"இந்த மனிதரின் வைத்தியர் யார்?" என்று கேட்டார்.

நிர்வாக அதிகாரி புள்ளிவிபரவியலாளரைப் பார்த்தார். புள்ளிவிபரவியலாளர் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் குத்துவிளக்கைப் பார்த்தார்.

"நான்தான்" என்று பின்னாலிருந்து எழும்பினார் டொக்டர் பஹ்மியா. அதுவரை அது உண்மையாக இருக்கவில்லை. சொன்ன கணத்திலிருந்து உண்மையாகியது. அரை மணித்தியாலத்தில் சிவபாதசுந்தரம் டொக்டரின் சின்னக் காரில், பொன்னாடையும் கையுமாக, அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். வார்டில் கட்டில் இல்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் ஒரு பாய் கிடைத்தது. அங்கே எடுத்த இரத்தத்துக்கு யாரும் தலைப்புக் கேட்கவில்லை.

நேசமலரின் கடைசி ஊசிகள் இரண்டும் கிடைக்கவில்லை. டொக்டர் பழைய மருந்து ஒன்றையே அளவு மாற்றி, அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்துப் பார்த்தார். விரல்கள் முழுதாக நிமிரவில்லை. முழுதாக மூடவும் இல்லை. மழை நாட்களில் ஊக்குப் பூட்ட ஆள் வேண்டியிருந்தது. வெயில் நாட்களில் வேண்டியிருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெனால்ட் கேக் பெட்டியுடன் வெள்ளவத்தைக்கு வந்தார். இந்தமுறை இணைப்பாளராக அல்ல, விருந்தாளியாக. கொண்டுவந்த கேக்கைத் தொடவில்லை. தேத்தண்ணிக்குச் சீனியும் வேண்டாம் என்றார்.

"என்னடா தம்பி, உத்தரவோ?"

"இல்ல சேர். உங்களுக்குப் பிறகு நலவாளி இடம் காலிதானே? என்னையே நியமிச்சாங்க. முதல் சோதனையிலயே சீனி வருத்தம்ன்டு வந்திட்டு. பிறகு கிளாக் பிள்ளையச் சோதிச்சாங்க. நிர்வாக அதிகாரியச் சோதிச்சாங்க. கணக்குக்காரரச் சோதிச்சாங்க. ஒருத்தருக்குப் பிறஷர், ஒருத்தருக்கு ஈரல்ல கொழுப்பு, ஒருத்தருக்கு என்னன்டே தெரியல்ல, தனியா ஒரு திட்டம் தொடங்கியிருக்காங்க. கட்டடத்தில சோதிக்காம மிச்சம் பெரியவர் ஒராள்தான்."

"அவரைச் சோதிச்சவையே?"

"ஏலாதுன்டிட்டார். ஒரு நிறுவனம் நிலைச்சு நிக்கணும்ன்டா ஒருத்தராவது சோதிக்கப்படாம இருக்கணுமாம். அந்தப் பேச்சுக்கும் எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்."

நேசமலர் சிரித்த சிரிப்பில் ரெனால்டின் தேத்தண்ணி சிந்தியது.

சிவபாதசுந்தரத்துக்கு இப்போது சதை போட்டிருக்கிறது. கண்கள் ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. ஆஸ்பத்திரியால் விட்ட அன்று, தினமும் காலையில் நாடி பார்க்கவேண்டும் என்று டொக்டர் பஹ்மியா நேசமலரிடம் சொல்லியிருந்தார். அதனால் அவர் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் முற்றாக மடங்காத விரல்களால் புருசனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி, வகுப்பில் நிற்கும் முகத்துடன் எண்ணுவார். போன கிளினிக்கில் டொக்டர் சிவபாதசுந்தரத்தைத் தனியே பார்த்தபோது, நாடி சீராகிவிட்டது, இனிமேல் யாரும் எண்ணத் தேவையில்லை, வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றார்.

சிவபாதசுந்தரம் இதுவரை சொல்லவில்லை.